கூத்துப் பதிவைப் புரொஜெக்டரில் காட்டுவதற்கு முன்: இன்டர்லேஸ் வீடியோவைச் செப்பனிடும் முறை

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் பல வீட்டு அலுமாரிகளில், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஏவிசிஎச்டி என்னும் எச்டி வீடியோ வடிவில் பதியும் கமராக்களில் எடுத்த திருமணம், கண்ணகி அம்மன் சடங்கு, வடமோடிக் கூத்து ஆகியவற்றின் பதிவுகள் இன்னும் இருக்கின்றன. சின்ன ரிவியில் அவை நன்றாகவே தெரியும். முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி மடிக்கணினியிலிருந்து புரொஜெக்டரில் காட்டும்போதுதான், கூத்தர் சுழன்றாடும் இடங்களில் கரப்புடுப்பின் (கூத்தர் அணியும் விரிந்த உடையின்) விளிம்பு சீப்புப் பற்களைப் போலக் கிழிபட்டுத் தெரியும்.

இது பதிவு பழுதானதால் வருவதன்று. அக்கமராக்களிற் பல, 1080 வரிகளையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. முதலில் 1, 3, 5 என ஒற்றை எண் வரிகள் 540, அடுத்த 1/50 வினாடியில் 2, 4, 6 என இரட்டை எண் வரிகள் 540 என்று மாறி மாறி எடுத்து, அந்த இரண்டு பாதிப்படங்களையும் பின்னி ஒரே பிரேமாக, அதாவது ஒரு முழுப் படமாக, வைக்கின்றன. இதுவே இன்டர்லேஸ். நான்கு மீற்றர் அகலக் களரியை (கூத்தின் ஆடுகளத்தை) முழுச் சட்டத்தில் எடுத்திருக்கிறோம் என்று கொள்வோம். வினாடிக்கு 2 மீற்றர் வேகத்தில் வீசும் கை, அந்த 1/50 வினாடியில் 4 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 100 அங்குலத் திரையில் அது 2 சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பல்லாக நீளும்.

ஆகவே வரிகளைப் பிரிக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு சோடிப் பாதிப்படத்தையும் ஒரு பிரேமாக்கி வினாடிக்கு 25 பிரேம்களாக மாற்றினால் சீப்புப் பல் மறையும். ஆனால் கமரா பிடித்த அசைவில் பாதியும் அதனுடன் போய்விடும். நான் முதன்முதலில் அப்படித்தான் மாற்றினேன். அதைப் பார்த்த கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர், மத்தளச் சொல்லுக்குக் கால் சரியாக விழவில்லை என்றார். ஒவ்வொரு பாதிப்படத்தையும் தனித்தனி முழுப் பிரேமாக விரித்து, வினாடிக்கு 50 பிரேம்களாக்கியபோதுதான் சதங்கைக் கால் மீண்டும் தாளத்தில் விழுந்தது.

உடனடியாகப் பார்ப்பதற்கு வீஎல்சி என்னும் வீடியோ ஓட்டும் மென்பொருள் போதும். வீடியோப் பட்டியலில் டீஇன்டர்லேஸை (வரிகளைப் பிரிக்கும் வசதியை) இயக்கி, முறைகளில் ‘யாடிஃப்’ என்பதன் இருமடங்குத் தெரிவை எடுக்க வேண்டும். சாதாரண யாடிஃப் 25 பிரேம்களையே தரும். நிலையான கோப்பாக மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் என்னும் வீடியோ மாற்றும் மென்பொருளின் வடிகட்டிப் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் முறையைத் தெரிவுசெய்து, அதன் அமைப்பை ‘பொப்’ (ஒவ்வொரு பாதிப்படத்தையும் தனிப் பிரேமாக்குவது) என்றும், பிரேம் வேகத்தை மாறாத 50 என்றும் வையுங்கள். அளவைச் சிறிதாக்குவதாயின் வரிகளைப் பிரித்த பின்னரே செய்ய வேண்டும். முன்னரே சுருக்கினால் ஒற்றை வரியும் இரட்டை வரியும் ஒன்றோடொன்று கலந்துவிடும், பிறகு அவற்றைப் பிரிக்க வழியில்லை. அசைவு முன்னும் பின்னுமாகத் துடித்தால், பாதிப்படங்களின் வரிசை தலைகீழாக எடுக்கப்பட்டிருக்கிறது. எச்டி கமராக்களில் பொதுவாக மேல் வரிகள் எனப்படும் ஒற்றை எண் வரிகளே முதலில் வரும்.

கனடாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த கமராவாயின், அது வினாடிக்கு ஏறத்தாழ 60 பாதிப்படங்களை எடுத்திருக்கும். அந்தப் பதிவை 50 ஆக்க முயல வேண்டாம், 59.94 பிரேம்களாகவே விரித்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியை எச்டிஎம்ஐ வழியாக இணைத்த பின்னர், திரையின் புதுப்பிப்பு வீதத்தையும் கவனிக்க வேண்டும். அது வழக்கமாக 60 ஹேட்சில் (வினாடிக்கு 60 முறை) இருக்கும்; 50 பிரேம் கோப்பை அதில் ஓட்டினால், கமரா பக்கவாட்டில் திரும்பும் காட்சிகளில் சீரான இடைவெளியில் ஒரு சிறு தடுமாற்றம் வரும். 50 ஹேட்சுக்கு மாற்றினால் அது நின்றுவிடும். புரொஜெக்டரில் இடைப்பிரேம்களைச் சேர்க்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்திவிடுவது நல்லது.

மெமரி கார்டிலுள்ள மூலக் கோப்புகளை அழிக்கக் கூடாது. நாம் செய்வது, ஒவ்வொரு பாதிப்படத்திலும் இல்லாத வரிகளை நிரப்பும் ஓர் ஊகக் கணக்கீடு, நாளைக்கு இதைவிட நல்ல முறை வரும். நீண்ட பதிவை கமரா பல துண்டுகளாக எழுதியிருந்தால், முழுக் கோப்புறையையும் அப்படியே இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்து, மாரிமழை தொடங்குமுன் ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.