ஈசல் இல்லை, எஃபெமெரா: பெயரைப் பார்த்து ஏமாறும் தவறுகள்

மழை விட்ட மாலையில் எங்கள் புளோக்கின் தாழ்வாரத்தில் விளக்கைச் சுற்றி ஒரே ஈசல். தொடக்கநிலை 5இல் படிக்கும் மகள் அதைப் படம் எடுத்து, பள்ளித் திட்டப்பணியில் ‘மேஃபிளை’ என்று, நீரில் வளரும் வேறொரு பூச்சியின் பெயரை எழுதிவிட்டாள். நம்மில் பலர் செய்யும் முதல் தவறு இதுதான். ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். மறுநாள் காலை தாழ்வாரத்தைக் கூட்டினால் குவிவது அது உதிர்த்த இறக்கைகள். மேஃபிளை இறக்கையை உதிர்ப்பதில்லை. உட்கார்ந்தால் பாய்மரம் போல முதுகின் மேல் நிமிர்த்தி வைத்துக்கொள்ளும். கறையானைப் போல முதுகோடு படிய மடிக்க அதற்கு வராது. உடலின் பின்முனையில் முடி போன்ற நீண்ட இழைகள் இருக்கும். மேஃபிளைகளில் ஒரு பேரினமான, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியான, எஃபெமெராவுக்கு மூன்று.

“அப்ப இறக்கையை எண்ணினா போதுமாப்பா?” என்றாள். போதாது. எஃபெமெராவுக்குப் பெரிய முன்னிறக்கை இரண்டு, சிறிய பின்னிறக்கை இரண்டு. ஆனால் குளங்களில் வளரும் குளோயன் என்னும் மேஃபிளைக்குப் பின்னிறக்கையே கிடையாது. சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தருகே குடியிருப்பவர்களைப் பாடாய்ப் படுத்திய, கொசு போன்ற மிட்ஜ் பூச்சிக்கும் இரண்டே இறக்கைதான். அதற்கு வால் இழை இல்லை. எண்ண வேண்டியது வாலை.

அடுத்த தவறு, மேஃபிளையை ‘ஒரு நாள் பூச்சி’ என்பது. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758இல் சூட்டிய எஃபெமெரா என்ற பெயர், ஒரு நாளைக்குரியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் ஐரோப்பாவின் எஃபெமெரா டானிகா, இளம்பருவத்தில் தந்தம் போன்ற கொம்புகளால் ஆற்று மணலைக் குடைந்து, முதுகிலுள்ள இறகுச் செவுள்களை அசைத்தபடி ஓரிரு ஆண்டுகள் நீருக்கடியில் வாழ்கிறது. இறக்கை வந்தபின் சில நாள்தான், அதுவும் பட்டினி. கல்யாண மண்டபத்தில் மட்டும் பார்த்த ஒருவருக்கு ஆயுளே ஒரு நாள் என்று சொல்வதுபோல் இருக்கிறது இந்தக் கணக்கு!

பறக்கத் தொடங்கிய பிறகும் மேஃபிளை ஒருமுறை தோலுரிக்கும். வேறெந்தப் பூச்சியும் இதைச் செய்வதில்லை. முதலில் மங்கிய இறக்கை, பிறகு கண்ணாடி இறக்கை. இரண்டு படத்தை வைத்துக்கொண்டு இரண்டு இனம் என்று எழுதிவிடாதீர்கள். பெயரைப் பார்த்து, மே மாதத்தில் வரும் பூச்சி என்று சொல்லும் கதையும் பிரிட்டன் போன்ற நாடுகளுக்குத்தான். நமக்கு மே என்றால் ஜூன் விடுமுறைக்கு முந்திய மாதம், அவ்வளவே.

பெரிய குழப்பம் புதைபடிவத்தில். ‘எஃபெமெரா 300 மில்லியன் ஆண்டுப் பழமையானது’ என்று எழுதுகிறார்கள். அவ்வளவு பழையது மேஃபிளைகளின் மூதாதை வழி, இந்தப் பேரினம் அல்ல. அழிந்துபோன எஃபெமெரா இனங்களாகச் சொல்லப்படுபவை அதைவிட மிகப் பிந்தியவை. அமெரிக்காவில் கொலராடோவின் ஃபுளோரிசென்டில், சுமார் 34 மில்லியன் ஆண்டுப் பழமையான பாறைகளில் கிடைத்தவற்றுக்கு பூச்சியியலாளர் சாமுவேல் ஸ்கடர் 1890இல் பெயரிட்டார். ஒன்று இம்மோபிலிஸ், ‘அசையாதது’. இன்னொன்று எக்ஸ்சுக்கா, ‘சாறு வற்றியது’. அந்த மனிதருக்குக் குறும்பு அதிகம். நசுங்கிய படிவத்தை வைத்துப் பேரினம் சொல்வது சிரமம். அதனால் பழைய நூல்களில் எஃபெமெரா எனக் குறித்த படிவங்கள் சில பின்னர் வேறு பேரினங்களுக்கு மாற்றப்பட்டன. பழைய பட்டியலை அப்படியே நகலெடுப்பதும் தவறுதான்.

கடைசியாக, வலையோடு காட்டு ஓடைக்குக் கிளம்பிவிட வேண்டாம். இயற்கை வனப்பகுதிகளில் அனுமதியின்றி எதையும் பிடிப்பது சட்டப்படி குற்றம். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி தேவை. கைப்பேசி போதும். மேலிருந்து எடுக்காமல் பக்கவாட்டில் எடுங்கள்; நிமிர்ந்த இறக்கையும் வால் இழையும் ஒன்றாகத் தெரியும்.