நடு லேனில் குடியிருக்காதீர்கள்: இங்கிலாந்து மோட்டார்வேயில் லேன் பிடிக்கும் முறை

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்லவ்விலிருந்து பர்மிங்காம் பக்கம் டிவிடேல் பாலாஜி கோயிலுக்குக் கிளம்பினோம். நூறு மைல் சொச்சம். பின் சீட்டில் மாமியார், மடியில் புளியோதரை டப்பா. பீக்கன்ஸ்ஃபீல்டில் எம்40 மோட்டார்வேயில் (நம் எக்ஸ்பிரஸ்வே மாதிரி) ஏறியதும் நடு லேனுக்குப் போனேன், 65 மைல் வேகம் வைத்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆக்ஸ்போர்டு தாண்டிய பிறகு கண்ணாடியில் நீல விளக்கு. போலீஸ் கார் முன்னால் போய், பின்னால் வரச் சொல்லி, அடுத்த சர்வீஸ் ஸ்டேஷனுக்குள் கூட்டிக்கொண்டு போனது.

வேகம் கூட இல்லையே, போன் கூடக் கையில் இல்லையே என்று எனக்கு ஒரே குழப்பம். அந்த அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. “கடைசி ஐந்து மைலில் இடது லேனில் எத்தனை வண்டியை முந்தினீர்கள்?” யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. இடது லேன் காலியாகவே கிடந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை.

எச்சரித்து அனுப்பிவிட்டார். நூறு பவுண்டு அபராதம் மிச்சம். மாமியார் முன்னால் போன மானம்தான் இன்னும் திரும்பி வரவில்லை.

இந்தியாவிலிருந்து புதிதாக வந்து ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டி ஓட்டத் தெரியும், ரவுண்டபவுட் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். ஊர் லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அந்த 12 மாதத்தில் மோட்டார்வேயைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லித் தரமாட்டார்கள். அதற்குப் பிறகு வண்டி ஓட்டிக் காட்டும் டிரைவிங் டெஸ்ட்டிலும் மோட்டார்வே கிடையாது. 2018 ஜூனிலிருந்து எல் போர்டுக்காரர்களும் மோட்டார்வேயில் பழகலாம், ஆனால் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரும் இரட்டை பிரேக் வைத்த காரும் வேண்டும். 40 பவுண்டோ 50 பவுண்டோ கொடுத்து ஒரே ஒரு மணி நேரம் அப்படிப் போய் வாருங்கள். நான் செய்யவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு மறதி வேண்டும்

ஜிஎஸ்டி ரோட்டில் செங்கல்பட்டு தாண்டி ஓட்டிப் பழகியவருக்கு இடது ஓரம் என்றாலே பயம். அங்கேதான் எதிர்த்திசையில் பைக் வரும், டெயில் லைட் இல்லாமல் லாரி நிற்கும், ஷேர் ஆட்டோ ஆளை இறக்கும், மாடு படுத்திருக்கும். பாரம் ஏற்றிய லாரியோ மீடியன் ஓரமாக வலது பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். இடது பக்கம் நுழைந்துதான் அதை முந்துவோம். இரண்டு ஓரத்துக்கும் நடுவே வண்டியைப் பிடிப்பவர்தான் அங்கே நிதானமான டிரைவர்.

இங்கேயும் ஓட்டுவது இடது பக்கம்தான். அதனாலேயே ஏமாந்து போகிறோம். அமெரிக்கா போயிருந்தால் எல்லாமே தலைகீழ் என்று உஷாராக இருந்திருப்போம். இங்கே கை பழகியதையே செய்கிறது.

இங்கே இடது லேனில் நடந்து வருபவர், சைக்கிள், மொபெட், டிராக்டர் எதற்கும் அனுமதி இல்லை. மூன்று லேனிலும் பாதுகாப்பானது அதுதான், வீடு அதுதான். மற்ற இரண்டும் முந்துவதற்குக் கடன் வாங்கும் இடம். இந்நாட்டுச் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடின் 264-ஆவது விதி சொல்வதும் இவ்வளவுதான். இடமிருந்து வலமாக லேன் 1, 2, 3. ‘ஃபாஸ்ட் லேன்’ என்று ஒன்று கிடையவே கிடையாது, மூன்றுக்கும் காருக்கு 70 மைல்தான்.

படி 1: ஸ்லிப் ரோடு (மோட்டார்வேயில் ஏறவும் இறங்கவும் உள்ள இணைப்புச் சாலை)

மோட்டார்வேயில் போகும் வண்டிகளுக்கே முன்னுரிமை. நமக்காக அவர்கள் லேன் மாறினால் அது அவர்கள் பெருந்தன்மை. ஆனால் பயந்து ஸ்லிப் ரோடு முனையில் வண்டியை நிறுத்தாதீர்கள். 70-ல் ஓடும் கூட்டத்துக்குள் பூஜ்யத்திலிருந்து நுழைவதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. பாதி தூரத்திலேயே தலையைத் திருப்பிப் பாருங்கள், நுழைய வேண்டிய இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள், லேன் 1-ன் வேகத்துக்கு வண்டியைக் கொண்டு வாருங்கள், பிறகு நுழையுங்கள். மூன்றாம் கியரில் எஞ்சின் கொஞ்சம் அலறினால் அலறட்டும்.

நுழைந்ததும் உடனே லேன் 2-க்குத் தாவ வேண்டாம். ஒரு நிமிடம் லேன் 1-லேயே போய், வேகமும் கண்ணும் நிலைக்கட்டும்.

படி 2: முந்துவது, அதைவிட முக்கியமாகத் திரும்பி வருவது

நான் சறுக்கிய இடம் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டுகிறேன்.

இங்கே பெரிய லாரிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. 56 மைலுக்கு மேல் போகாது. நீங்கள் 65-ல் வருகிறீர்கள் என்றால் வித்தியாசம் 9 மைல், அதாவது விநாடிக்கு 4 மீட்டர். லாரி பதினாறரை மீட்டர். முன்னும் பின்னும் இரண்டு விநாடி இடைவெளி சேர்த்தால் நீங்கள் கடக்க வேண்டியது கிட்டத்தட்ட 130 மீட்டர். அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே முந்தலை 70-ல் செய்தால் இருபது விநாடி சொச்சம். அதனால் முந்துவதென்றால் 70-ல் முந்துங்கள், இல்லையென்றால் லாரிக்குப் பின்னால் நிம்மதியாகப் போங்கள். 58-ல் லாரிக்குப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு போவதுதான் எல்லாரையும் கடுப்பேற்றும்.

முந்துவதற்கு லேன் 1-லிருந்து வெளியே வரும்போது லேன் 2-ல் பின்னால் வருபவரைப் பார்த்தால் மட்டும் போதாது. லேன் 3-லும் ஒருவர் தன் முந்தலை முடித்துவிட்டு அதே லேன் 2 இடத்துக்கு வரப் பார்ப்பார். நீங்கள் இந்தப் பக்கமிருந்து, அவர் அந்தப் பக்கமிருந்து, இருவர் கண்ணும் ஒரே காலி இடத்தில். எனக்கு இது ஒரு முறை நடந்து, அவர் ஹார்ன் அடித்ததால் தப்பித்தேன். இண்டிகேட்டரைப் போட்டு, மூன்று முறை மினுங்கிய பிறகே ஸ்டீயரிங்கை அசையுங்கள்.

இப்போது திரும்பி வருவது. கதவுக் கண்ணாடி சற்றுக் குவிந்தது, அதில் லாரி இருப்பதைவிடத் தூரமாகத் தெரியும். அதை நம்பித் திரும்பினால் லாரி மூக்கில் போய் விழுவோம். உள்ளே நடுவில் இருக்கும் கண்ணாடியைப் பாருங்கள், அது தட்டையானது. அதில் லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் தெரிந்து, இன்னும் ஒரு மூச்சு விட்ட பிறகு இடது இண்டிகேட்டர், தோள் பக்கம் ஒரு பார்வை, உள்ளே.

‘இதோ இன்னொரு லாரி முன்னால் தெரிகிறதே, ஒவ்வொரு முறையும் உள்ளே போய் வெளியே வரவா?’ என்பதுதான் எல்லாரும் கேட்பது. என் கணக்கு: லேன் 1-க்குப் போனால் வேகம் குறைக்காமல் பதினைந்து எண்ணும்வரை போக முடியுமா? முடியும் என்றால் போய்விடு. முடியாதென்றால் அடுத்த லாரியையும் முந்திவிட்டுப் போ. சட்டத்தில் இப்படி ஒரு எண் எழுதவில்லை, ஆனால் பாம்பு மாதிரி நெளிந்து ஓட்டாமலும் நடுவில் குடியேறாமலும் இருக்க இது எனக்குச் சரியாக இருக்கிறது. தூரம் பிடிபடவில்லை என்றால் ஓரத்தில் 100 மீட்டருக்கு ஒன்றாகச் சின்னக் கம்பங்கள் நட்டிருக்கும், அவற்றை எண்ணிப் பழகுங்கள்.

கருவிகள் பற்றி என் அபிப்பிராயம். கதவுக் கண்ணாடியில் ஒட்டும் குட்டி வட்டக் கண்ணாடி சில பவுண்டுதான், கண்டிப்பாக வாங்குங்கள். முன் வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலை மட்டும் முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். லாரிக்குப் பின்னால் 70-லிருந்து 56-க்குச் சத்தமில்லாமல் இறக்கிவிடும், பத்து நிமிடம் கழித்துத்தான் உறைக்கும். உறைத்ததும் எரிச்சலில் நடு லேனுக்குப் போய், அங்கேயே தங்கிவிடுவோம். வழிகாட்டிக்கு வேஸ் (Waze) செயலியை விட கூகுள் மேப்ஸ்தான் என் தேர்வு, எந்த லேன் என்று படம் காட்டுவது தெளிவாக இருக்கிறது. போனைத் தாங்கியில் மாட்டிவிட்டால் தொடவே கூடாது. கையில் எடுத்தால் 200 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 பாயிண்ட் (தண்டனைப் புள்ளி).

படி 3: சிவப்புக் குறுக்குக் கோடு

தலைக்கு மேல் ஒரு லேனுக்குச் சிவப்பு எக்ஸ் எரிந்தால் அந்த லேன் மூடியாகிவிட்டது. முன்னால் எதுவும் தெரியாவிட்டாலும் நகர்ந்துவிடுங்கள். பழுதான காருக்குப் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருக்கலாம். 2019 ஜூன் முதல் இதற்குக் கேமரா பிடிக்கிறது, 100 பவுண்டும் 3 பாயிண்டும்.

படி 4: மற்றவர் நடு லேனில் குந்தியிருந்தால்

நீங்கள் திருந்திவிட்ட பிறகுதான் மற்றவர் செய்வது கண்ணில் குத்த ஆரம்பிக்கும். லேன் 1-ல் 70-ல் வருகிறீர்கள், லேன் 2-ல் ஒருவர் 60-ல் போகிறார், லேன் 1 காலி. இடது பக்கமாக அவரைத் தாண்டலாமா? கூடாது. 268-ஆவது விதி இடது பக்கம் முந்தாதே என்கிறது. நெரிசலில் எல்லா லேனும் ஒரே மாதிரி ஊரும்போது உங்கள் லேன் கொஞ்சம் வேகமாக நகர்ந்தால் அது வேறு. மற்றபடி லேன் 1-லிருந்து 2, 3 என்று இரண்டையும் தாண்டி முந்திவிட்டு, மறுபடி 1-க்கு வர வேண்டியதுதான். ஒரு ஆளுக்காக நான்கு முறை லேன் மாற வேண்டியிருக்கிறது என்று எரிச்சல் வரும். என்னை அன்று நிறுத்திய அதிகாரிக்கும் இதே எரிச்சல்தான் இருந்திருக்கும். லைட் அடிப்பது, ஒட்டிக்கொண்டு போவது எல்லாம் வேண்டாம். நடு லேன் பிடிப்பவருக்கு என்ன தண்டனையோ, அதே தண்டனைதான் பின்னால் ஒட்டுபவருக்கும்.

அது என்ன தண்டனை? 2013 ஆகஸ்ட் வரை இதற்குக் கோர்ட்டுக்குத்தான் இழுக்க வேண்டும், அதனால் போலீசும் பெரும்பாலும் விட்டுவிடும். அப்போதிலிருந்து கவனக்குறைவான ஓட்டுதல் என்ற பிரிவில் அங்கேயே 100 பவுண்டு, 3 பாயிண்ட் கொடுக்கலாம், பதிலாக வகுப்புக்கும் அனுப்பலாம். கோர்ட்டுக்குப் போனால் 9 பாயிண்ட் வரை. நம் ஆட்களுக்கு இதில் ஒரு கண்ணி: இங்கே டெஸ்ட் பாஸ் செய்த முதல் இரண்டு வருடத்துக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. எல் போர்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஊரில் இருபது வருடம் ஓட்டியவருக்கும் அதுதான்.

பக்கத்தில் போகும் பெரிய லாரியின் கேபினில் போலீஸ் உட்கார்ந்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார்வேக்களைப் பராமரிக்கும் அரசு நிறுவனமான நேஷனல் ஹைவேஸ் இதற்கென்றே லாரி கேபின்களைப் போலீசுக்குக் கொடுக்கிறது, ஆபரேஷன் டிராம்லைன் என்று பெயர். அந்த உயரத்திலிருந்து உங்கள் மடியில் இருக்கும் போன் நன்றாகத் தெரியும்.

டாஷ்கேம் பதிவைப் போலீசுக்கு அனுப்பலாம். பல பகுதிகளில் ஆபரேஷன் ஸ்னாப் என்ற பெயரில் இணையத்திலேயே படிவம் இருக்கிறது. அனுப்புவதென்றால் அன்றோ மறுநாளோ அனுப்புங்கள். வண்டி உரிமையாளருக்கு 14 நாளுக்குள் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும் என்பதால் தாமதித்தால் பயனில்லை. நம்பர் பிளேட் தெரியும் துண்டை மட்டும் வெட்டி அனுப்பாமல், முன்னும் பின்னும் ஓரிரு நிமிடத்தோடு கொடுங்கள். முதலில் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டுப் பிறகு போலீசிடம் போகாதீர்கள். இன்னொன்று, வீடியோவில் நீங்கள் 78-ல் போவதும் தெரியும்.

பின் சேர்க்கை 1: “நீங்கள் சொன்ன மாதிரி லேன் 1-லேயே போனேன், அது என்னை வேறு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது” என்று ஒருவர் எழுதியிருந்தார். என் தப்புதான், எழுத மறந்துவிட்டேன். சில சந்திப்புகளில் லேன் 1 அப்படியே வெளியேறும் வழியாகப் பிரிந்துவிடும். தலைக்கு மேல் பலகையில் அந்த லேனுக்கு மட்டும் தனி ஊர்ப் பெயரும் கீழ்நோக்கிய அம்பும் இருக்கும். லேன் 1-க்கும் 2-க்கும் நடுவே இருக்கும் வெள்ளைக் கோடு நீளமாக இருந்தது, குட்டைக் குட்டையாக, தடிமனாக, நெருக்கமாக மாறும். அதைப் பார்த்ததும் லேன் 2-க்கு மாறுங்கள், இது நடு லேன் பிடிப்பதாகாது. சந்திப்பு கடந்ததும் மறுபடி இடது. தவறி வெளியேறிவிட்டால் கடைசி நொடியில் வெட்டித் திரும்ப வேண்டாம். அடுத்த ரவுண்டபவுட்டைச் சுற்றி வந்தால் ஐந்து நிமிடம்தான் போகும்.

பின் சேர்க்கை 2: ஹீத்ரோவில் அம்மாவைக் கூப்பிட நள்ளிரவில் போகும் ஒரு வாசகி, இருட்டில் எந்த லேனில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை என்றார். ரோட்டில் பதித்த பூனைக்கண் கற்களைப் பாருங்கள். இடது ஓரத்தில் சிவப்பு, லேன்களுக்கு நடுவே வெள்ளை, மீடியன் ஓரத்தில் மஞ்சள், ஸ்லிப் ரோடு வாயில் பச்சை. இடது பக்கம் சிவப்பும் வலது பக்கம் வெள்ளையும் மின்னினால் வீட்டில் இருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக மின்னி, இடது பக்கத்தில் முந்துவதற்கு ஒரு வண்டியும் இல்லையென்றால், இண்டிகேட்டரைப் போடுங்கள்.