ஃபஸ் பெடலின் கரகரப்புக்குக் காரணம் ட்யூனர்

கிட்டார் ஒலியைச் சிதைத்து முரடாக்கும் ஃபஸ் பெடலை, ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்டதை, இணைத்ததிலிருந்து ஒலி மெலிந்து கரகரத்தது. கிட்டாரின் வால்யூம் குமிழைக் குறைத்தாலும் கரகரப்பு தெளியவில்லை. கேபிளையும் பேட்டரியையும் மாற்றினேன், ஆம்பின் ட்ரெபிளைக் குறைத்தேன். எதுவும் பலிக்காமல் பல நாட்கள் வீணாயின.

பிறகுதான் பெடல் வரிசையின் தொடக்கத்தில், கிட்டாருக்கும் ஃபஸ்ஸுக்கும் இடையே இருந்த, சுருதி சேர்க்க உதவும் ட்யூனர் பெடலைக் கவனித்தேன். அது அணைந்திருக்கும்போதும் உள்ளிருக்கும் பஃபர், அதாவது சிக்னலை வாங்கி அடுத்த பெடலுக்கு வலுவாக அனுப்பும் சுற்று, இயங்கிக்கொண்டே இருக்கிறது. 1966-இல் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் வகைச் சுற்றுகளோ, உள்ளீட்டு மின்மறுப்பு (உள்வரும் சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு) மிகக் குறைவு என்பதால், கம்பிகளின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்போடும் வால்யூம் குமிழோடும் நேரடியாக இணைந்திருந்தால்தான் குமிழின் அசைவுக்கு ஏற்பத் தெளிகின்றன. இடையில் பஃபர் வந்தால் அந்த நேரடி இணைப்பு இல்லாமல் போகிறது.

ஃபஸ்ஸைக் கிட்டாருக்கு அடுத்தும் ட்யூனரை அதன் பின்னும் வைத்தேன். குமிழை 10-இலிருந்து 6-க்குக் கொண்டுவந்ததுமே ஒலி மணிபோல் தெளிந்தது, பெரும் நிம்மதி. சுருதி சேர்க்கும்போது மட்டும் ஃபஸ்ஸை அணைத்துவிட வேண்டும்.