ஃபாரின்ல இருக்கிற நம்ம புள்ளைங்களுக்கு: நைட்டுக்கு வீட்லயே அத்தோ

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடின்னு நம்ம பக்கத்துலேர்ந்து துபாய், சிங்கப்பூர், கனடான்னு போயிருக்கிற புள்ளைங்க போன் பண்ணா கேக்குற கேள்வி ஒண்ணுதான், நைட்டுக்கு என்னா செய்றது. வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து சேரவே ஏழரை எட்டு ஆயிடுது, அதுக்கு மேல சோறு வடிச்சு குழம்பு வெச்சு பொரியல் பண்ண உடம்புல தெம்பு எங்க இருக்கும், அதனால பாதி பேர் பிரெட்டு, ஃப்ரோசன் பரோட்டா, இல்லன்னா ஞாயித்துக்கிழமை வெச்ச சாம்பாரையே வியாழக்கிழமை வரைக்கும் சூடு பண்ணி சாப்பிடுறாங்க. கேக்கவே மனசு கஷ்டமா இருக்கு. அவங்க எல்லாருக்கும் நான் சொல்றது அத்தோ, அதான் பர்மா ஸ்டைல்ல கையால பிசையற நூடுல்ஸ், செய்ங்கன்னுதான்.

சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் செகண்ட் லைன் பீச் ரோட்டுல சாயங்காலம் அத்தோ கடையில நின்னு பாத்திருப்பீங்க. நீங்க ஆர்டர் சொன்னப்புறம் அவங்க எதையுமே சமைக்கிறது இல்ல. வெந்த நூடுல்ஸ் ஒரு பக்கம், முட்டைகோஸ் ஒரு பக்கம், வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாத்தூள் எல்லாம் தனித்தனியா ரெடியா இருக்கும், ஒரு கிண்ணத்துல போட்டு கையால பிசைஞ்சு ரெண்டே நிமிஷத்துல குடுத்துடுவாங்க. 1962ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்து, 1964ல கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டதும் கப்பலேறி மெட்ராஸ் வந்த நம்ம ஜனங்க கொண்டாந்த சாப்பாடு இது. அந்தக் கடைக்காரர் வேலை பாக்குற முறையை அப்படியே உங்க கிச்சனுக்கு எடுத்துக்கோங்க, லீவு நாள்ல ஒரு மணி நேரம் ஒதுக்கினா போதும், வார நாள்ல நூடுல்ஸை வேக வெச்சு பிசையறது மட்டும்தான் வேலை.

லீவு நாள்ல செய்ய வேண்டியதுல முக்கியம் பூண்டு எண்ணெய். ருசி மொத்தமும் இதுலதான் இருக்கு, இதை மட்டும் அவசரப்படாம செய்ங்க. பத்து பன்னெண்டு பல்லு பூண்டை மெல்லிசா, ஒரே அளவா சீவுங்க (ஒண்ணு தடியா ஒண்ணு மெல்லிசா இருந்தா ஒண்ணு கருகும் ஒண்ணு வேகாது), அரை கப் கடலை எண்ணெய்ல பச்சையாவே போட்டு அப்புறம் அடுப்பை சிம்ல பத்த வைங்க. சுத்தி சின்னச் சின்ன நுரை வரும், பூண்டு வெள்ளைலேர்ந்து லேசான மஞ்சளுக்கு மாறும், நுரை அடங்க ஆரம்பிக்கும், அந்த நேரத்துல உடனே வடிகட்டி, பூண்டை தனியா எடுத்து வெச்சிடணும். இன்னும் கொஞ்சம் செவக்கட்டும்னு விட்டீங்கன்னா வெளிய எடுத்தப்புறமும் அந்தச் சூட்டுலயே கருகி கசந்துடும். அங்க இருக்கிற எலக்ட்ரிக் அடுப்பு ஆஃப் பண்ணாலும் சூடு போகாது, அதனால பாத்திரத்தையே தூக்கி நகத்திடுங்க. எண்ணெய் ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒரு வாரத்துக்குள்ள முடிச்சிடுங்க, வெளிய வைக்கவே கூடாது.

அடுத்தது வெங்காயம். வறுத்தா ஸ்மோக் அலாரம் அடிக்குது, பக்கத்து வீட்டுக்காரன் வாடை வருதுன்னு கம்ப்ளெயின்ட் பண்றான்னு நிறைய பேர் சொல்றாங்க. மைக்ரோவேவ் இருந்தா மெல்லிசா வெட்டின வெங்காயத்துல ரெண்டு மூணு ஸ்பூன் எண்ணெய் பிசறி, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளறி கிளறி வைங்க, பத்து பன்னெண்டு நிமிஷத்துல செவந்துடும், கடைசில மட்டும் பக்கத்துலயே நில்லுங்க. அதுவும் முடியாதுன்னா பாகிஸ்தானி கடையில பிரியாணிக்கு வறுத்த வெங்காயம் பாக்கெட்ல விக்குது, தாராளமா வாங்கலாம்.

புளி ஒரு எலுமிச்சை அளவு ஊறவெச்சு கொஞ்சம் கெட்டியா கரைச்சு பாட்டில்ல ஊத்தி வைங்க. அங்க கெடைக்கிற கறுப்பு புளி பேஸ்ட் புளிப்பு ஜாஸ்தி, ஒரு ஸ்பூனுக்கு மூணு ஸ்பூன் தண்ணி விடணும். அத்தோ மேல நொறுக்கிப் போடுற மொறுமொறு பேஜோ அங்க கெடைக்காது, தமிழ் கடையில தட்டை வாங்கி நொறுக்கிப் போடுங்க, கிட்டத்தட்ட அதே மொறுமொறுப்பு வரும். சென்னாக்குன்னி (காஞ்ச பொடி எறா) பொடி போட்டு சாப்பிட்டு பழகினவங்க காசிமேட்டுலேர்ந்து பெட்டியில கட்டிக்கிட்டுப் போக வேணாம், ஆஸ்திரேலியா மாதிரி ஊர்ல எந்த சாப்பாட்டு பொருளா இருந்தாலும் ஏர்போர்ட்ல டிக்ளேர் பண்ணியே ஆகணும், தாய், வியட்நாம் கடைங்கள்ல காஞ்ச எறா கெடைக்குது, வெறும் வாணல்ல வறுத்து பொடிச்சா போதும்.

இப்போ வார நாள். ரெண்டு பேருக்கு 200 கிராம் கோதுமை நூடுல்ஸ், தடியா இருந்தா நல்லது. சைனீஸ் கடை பக்கத்துல இல்லன்னா சூப்பர் மார்க்கெட்ல லிங்வினி பாஸ்தா வாங்குங்க, பிசைய நல்லா தாங்கும், மசாலா பாக்கெட்டோட வர்ற இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் வேணாம், குழைஞ்சிடும். வெந்ததும் பச்சைத் தண்ணியில அலசி நல்லா வடிய விட்டு ஒரு ஸ்பூன் எண்ணெய் தடவி வைங்க. கடையில நூடுல்ஸுக்குப் போடுற ஆரஞ்சு கலர் பொடி தேவையே இல்ல.

அகலமான பாத்திரத்துல நூடுல்ஸ், நூல் மாதிரி சீவின முட்டைகோஸ் ஒரு கப், வறுக்காத வெங்காயம் பாதி, பூண்டு எண்ணெய் ரெண்டு ஸ்பூன், புளித்தண்ணி மூணு ஸ்பூன், இடிச்ச மிளகா ஒரு ஸ்பூன், உப்பு, இதெல்லாம் போட்டு கையாலயே பிசைங்க, கரண்டில கிளறுனா புளியும் எண்ணெயும் எல்லா இழையிலயும் ஏறாது. ருசி பாத்துட்டு வறுத்த வெங்காயம், வறுத்த பூண்டு, நொறுக்கின தட்டை, கொத்தமல்லி தூவி, அரை எலுமிச்சை பிழிஞ்சு உடனே சாப்பிடணும்.

கூடவே சூப்பு வேணும், வெளிய குளிரா இருக்கிற ஊர்ல கண்டிப்பா வேணும். ரைஸ் குக்கர்லயே வெக்கலாம், கல்ஃப்ல ரூம்ல அடுப்புக்கு முறை வெச்சு சமைக்கிறவங்களுக்கு இது வசதி. ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு ஸ்பூன் கடலை மாவு கட்டியில்லாம கரைச்சு, இஞ்சி பூண்டு, மஞ்சள்தூள், மிளகு, உப்பு, பொடியா நறுக்கின வாழைத்தண்டு. தண்டு கெடைக்கலன்னா சௌசௌ போடுங்க, ருசி வேறதான் ஆனா நல்லாவே இருக்கும். மாவு பச்சை வாடை போற வரைக்கும் கொதிக்கணும், கால் மணி நேரமாவது ஆகும், அடியில பிடிக்காம அப்பப்போ கிளறி விடுங்க. அதே குக்கர்ல முட்டையையும் முன்னாடியே வேக வெச்சுக்கிட்டா, கீறி உள்ள வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி ரெண்டு சொட்டு, மிளகாத்தூள் வெச்சா முட்டை மசாலா ரெடி.

மிச்சம் ஆச்சுன்னா பிசைஞ்சதை எடுத்து வைக்காதீங்க, கோஸும் வெங்காயமும் தண்ணி விட்டு சொதசொதன்னு ஆயிடும். பிசையாத நூடுல்ஸை டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, மறுநாள் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா புளித்தண்ணியும் எண்ணெயும் ஒரு சின்ன டப்பாவுல, வறுத்த ஐட்டம் இன்னொண்ணுல, சாப்பிடுறப்போ கலந்துக்கலாம்.