பெரியவர்களின் வயிற்றோட்டத்தில் ரோட்டா வைரஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஆய்வுகூட வேலை பழக வருகிற பிள்ளைகள், நான் முதல் வருடத்தில் செய்த பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். கையுறை போடுவது, போத்தலில் பெயர் எழுதுவது எல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விடுகிறேன்.

பிந்தி வந்த மாதிரிக்கு 'இல்லை' என்று எழுதுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். மூதூர்ப் பக்கத்து அம்மம்மா ஒருவர். முதலில் பேரப்பிள்ளைக்குத்தான் சத்தியும் வயிற்றோட்டமும். துணி கழுவியதும், பிள்ளையை மடியில் வைத்திருந்ததும் அவர்தான். இரண்டு நாளில் அவருக்கும் தொடங்கிவிட்டது. "ரோட்டா சின்னப் பிள்ளைகளுக்குத்தானே" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாதிரி ஆறாம் நாள்தான் என் கைக்கு வந்தது. மூடியைத் திறந்தால் மலம் அநேகமாக இறுகியிருந்தது. எலைசா என்பது வைரஸ் இருந்தால் நிறம் காட்டும் சோதனை. அதன் தட்டில் அவருடைய குழியில் நிறமே வரவில்லை. 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் அதே வீட்டு மருமகளின் மாதிரி வந்தது. அவருக்கு நோய் தொடங்கியே ஒரு நாள்தான். அந்தக் குழி கடும் மஞ்சள்.

நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடி வைரஸ் கூட இருக்கலாம். பெரியவர்களின் உடல் இதை முன்பே பல தடவை கண்டிருக்கும். அதனால் வைரஸ் குறைவாகத்தான் வெளியேறும், சீக்கிரம் நின்றும் போகும். குழந்தையிடம் ஆறாம் நாளும் பிடிபடக்கூடியது பெரியவரிடம் நழுவிவிடும். எனக்கு அந்த அம்மம்மாவின் விடை மட்டுமா போனது? பேரனுக்கு வந்த வகைதான் அவருக்கும் வந்ததா என்று ஒப்பிடும் வாய்ப்பும் போய்விட்டது. வெளியுறையின் விபி7 புரதத்தால் ஜி வகையும், விபி4 புரதத்தால் பி வகையும் தெரியும். அதற்கு வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ கிடைக்க வேண்டுமே!

முதல் இரண்டு மூன்று நாளுக்குள் மாதிரி எடுங்கள். படிவத்தில் 'நோய் தொடங்கிய நாள்' இல்லையென்றால் வார்டுக்குப் போன் பண்ணிக் கேளுங்கள். பிந்திவிட்டதா, சரி, பிசிஆர் (மரபுப்பொருளைப் பெருக்கிக் காணும் சோதனை) செய்து பாருங்கள். அதிலும் வராவிட்டால் 'தாமதமான மாதிரி' என்று முடிவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

ஃபார்மலின் போத்தல்

புழு முட்டை பார்க்க அது நல்லது. வகை பார்க்க வேண்டிய மாதிரியை அதில் போடாதீர்கள், ஆர்என்ஏ கெட்டுவிடும்.

வகையை ஊகிப்பது

ஜி1பி[8], ஜி2பி[4], ஜி3பி[8], ஜி4பி[8], ஜி9பி[8] ஆகிய ஐந்தும் உலகெங்கும் அதிகம் கண்டவை. ஜி12 பிறகு பரவியது. வைரஸின் மரபுப்பொருள் 11 துண்டுகளாக இருப்பதால், இரண்டு வகைகள் ஒரே கலத்துக்குள் புகுந்தால் துண்டுகள் மாறிக்கொள்ளும். ஜி1 என்று கண்டதும் பி[8] என்று நிரப்பாதீர்கள். இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

பிசிஆரில் இரண்டு வகைக்குரிய பட்டை தெரிந்ததும் 'கலப்புத் தொற்று' என்பது

முதலில் மாதிரி எதுவும் போடாத வெற்றுக் கட்டுப்பாட்டுக் குழாயைப் பாருங்கள். அதிலும் பட்டை இருந்தால் வெளியிலிருந்து ஏதோ கலந்திருக்கிறது.

கிட் சொன்னதே முடிவு என்பது

ரோட்டா வைரஸில் பல குழுக்கள் உண்டு; வழமையான கிட்கள் ஏ குழுவை மட்டும்தான் காணும். 1982–83இல் சீனாவில் பெரியவர்களைப் பெருமளவில் தாக்கியது பி குழு.