சீட் பிடிப்பவரும் பிஆர்ஓ, செய்தி சொல்பவரும் பிஆர்ஓ: தனியார் பல்கலைக்கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் 'காலேஜ் பிஆர்ஓ பேசுறேன்' என்று ஒரு போன் வந்தால், மக்கள் தொடர்பு அலுவலர் கூப்பிடுகிறார் என்று தமிழ்நாட்டில் எந்த அப்பாவும் நினைப்பதில்லை. சீட் பிடிக்கும் ஆள் என்றுதான் நினைப்பார். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவரும் பிஆர்ஓதான், பதிவாளர் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்திக்குறிப்பு எழுதுபவரும் பிஆர்ஓதான். முதல் தவறு இந்தக் குழப்பம். செய்தி சொல்ல வேண்டியவருக்குச் சேர்க்கை டார்கெட்டையும் கொடுத்துவிட்டால், கையில் வரும் தகவலைச் சரிபார்க்க அவருக்கு நேரமும் இருக்காது, மனசும் வராது.

விளைவை வேலைவாய்ப்பு விளம்பரத்தில் பார்க்கலாம். ஒரு கணக்கு போடுவோம். இறுதியாண்டில் 1,000 பேர். கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தகுதி என்று கல்லூரி பட்டியலிடுவது 400 பேரை. அதில் 390 பேருக்கு வேலை. விளம்பரத்தில் '97.5 சதவீதம்' என்று போடலாம், பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணினால் 39 சதவீதம். ஒரே மாணவர் வாங்கிய மூன்று ஆஃபர் லெட்டரை மூன்று வேலையாக எண்ணுவதும் உண்டு. அப்புறம் ஒருத்தருக்குக் கிடைத்த பெரிய சம்பளத்தைப் புறவழிச்சாலை பேனரில் ஆளுயரத்துக்கு எழுதிவிடுவார்கள்.

இதில் பிஆர்ஓக்கள் பலர் மறந்துவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்லூரி அனுப்பும் தரவு, அந்தக் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும். எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் (எல்லாச் சம்பளத்தையும் வரிசையாக வைத்தால் நடுவில் நிற்பது) எவ்வளவு என்று துறைவாரியாக இல்லாவிட்டாலும் வருடவாரியாக அதில் கிடைக்கும். பேனரில் உள்ள எண்ணும் அந்த பிடிஎஃப்பில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், அதைக் கண்டுபிடிக்க நிருபர் தேவையில்லை, கொஞ்சம் விவரமான மாமா ஒருவர் போதும். விளம்பரம் அச்சுக்குப் போகும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

தரவரிசையைச் சொல்லும்போது எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்பதை விழுங்கிவிடுவதும் இதே ரகம். பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். தனியார் பல்கலைக்கழகம் என்று நம் ஊரில் சொல்பவற்றில் பெரும்பாலானவை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 3-ஆம் பிரிவின்கீழ் வரும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். 2017 நவம்பரில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, பெயரில் 'பல்கலைக்கழகம்' என்று வெறுமனே போடக்கூடாது என 123 நிறுவனங்களுக்கு யுஜிசி உத்தரவிட்டது. 'நிகர்நிலை' என்ற சொல்லை எறும்பு சைஸில் அச்சிடும் சாமர்த்தியம் அதற்குப் பிறகு வந்ததுதான். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் தேசிய அமைப்பான நாக்கின் உயர்ந்த தரம், ஏ ப்ளஸ் ப்ளஸ், என்று போட்டாலே போதும் என்ற காலமும் போய்விட்டது. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினர் சிலரை லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்த பிறகு, அந்த எழுத்துகளைப் பார்த்து 'அப்படியா?' என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள்.

செய்திக்குறிப்பு தனிக் கூத்து. பட்டமளிப்பு விழாச் செய்தி என்றால் முதல் மூன்று பத்தியில் வேந்தர், இணைவேந்தர், அவர்களுடைய குடும்பத்தார். பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது கடைசி வரியில், சில சமயம் அதுவும் இல்லை. குத்துவிளக்குப் படம் மட்டும் தவறாமல் வரும். தமிழ்க் குறிப்பை மென்பொருள் மொழிபெயர்த்திருக்கும். ஆய்வு இருக்கை நிறுவியதை 'நாற்காலி நிறுவப்பட்டது' என்று படித்துவிட்டுச் சிரிக்கிற உதவி ஆசிரியர், அடுத்த குறிப்பைத் திறக்க மாட்டார். புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தான செய்திகளோ கணக்கில்லை. அந்த ஒப்பந்தங்களால் எத்தனை மாணவர்கள் எங்கே போனார்கள் என்ற செய்தியை யாராவது அனுப்பினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

இதெல்லாம் கேலியோடு போய்விடும். விடுதியில் ஒரு மாணவர் இறந்துபோனால் அப்படிப் போகாது. வார்டன் பதிவாளரிடம் சொல்வார், பதிவாளர் நிர்வாகத்திடம் சொல்வார், பிஆர்ஓவுக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு நிருபர் கூப்பிட்டுத்தான் அவருக்கே தெரியும். 'தெரியலை சார், காலையில சொல்றேன்' என்று போனை வைத்துவிட்டு அணைத்துவிடுவார். அதற்குள் வாட்ஸ்அப்பில் நாலு குரல் பதிவு சுற்றிவிடும். பெற்றோர் டிவி பார்த்துத் தெரிந்துகொண்டு பஸ் ஏறுவார்கள். காலையில் கேட்டைப் பூட்டிவிட்டு, 'குடும்பப் பிரச்சினையே காரணம்' என்று ஓர் அறிக்கை. போலீஸ் விசாரணையே தொடங்கியிருக்காது.

காரணம் சொல்வது பல்கலைக்கழகத்தின் வேலை இல்லை. முதல் அறிக்கைக்கு நாலு வரி போதும்: என்ன நடந்தது, போலீஸுக்கு எப்போது தகவல் போனது, பெற்றோருடன் யார் இருக்கிறார்கள், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. பெற்றோருக்குச் சொன்ன பிறகே வெளியே சொல்ல வேண்டும். பாலியல் குற்றம் என்றால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதுவும், துறையின் பெயரோ விடுதியின் பெயரோகூட, வெளியே போகக்கூடாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் அதற்குச் சிறைத்தண்டனை இருக்கிறது.

கடைசியாக ஒரு போன். மே மாதம் விளம்பரத்தில் உள்ள எண்ணுக்கு அடித்தால் இரண்டாவது ரிங்கில் எடுப்பார்கள். பொறியியல் கலந்தாய்வில் வேறு இடம் கிடைத்து, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு அதே எண்ணுக்கு அடித்தால் 'அக்கவுன்ட்ஸ்ல கேளுங்க சார்' என்பார்கள். 2018-ல் வந்த யுஜிசி அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், செயலாக்கக் கட்டணமாக அதிகபட்சம் 5,000 ரூபாய் போக மீதியைத் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது. யாருக்கெல்லாம் பணம் நிற்கிறது என்ற பட்டியல் பிஆர்ஓ மேசைக்கு வாராவாரம் வர வேண்டும். வராவிட்டால், அதே பெயர்களை அவர் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார்களாகப் படிப்பார்.