கிராபிக்ஸ் கார்டை மாற்றும் முன் நான் பார்த்தது

கேம் திக்கித் திக்கி ஓடியது. கார்டுக்கு வயதாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

வாங்கும் முன் ஒரு சோதனை. கேம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கார்டின் பயன்பாடு 55 சதவீதத்தைத் தாண்டவில்லை. பிராசசரில் ஒரு கோர் மட்டும் 100-ஐத் தொட்டு நின்றது. ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்குக் குறைத்தேன். நொடிக்கு வரும் ஃபிரேம் எண்ணிக்கை அசையவே இல்லை. கார்டு தடையாக இருந்திருந்தால் அது ஏறியிருக்க வேண்டும். சரி, கோளாறு வேறெங்கோ என்று புரிந்தது.

பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய்ப் பார்த்தால், 3200 வேக டிடிஆர்4 ரேம் 2133-ல் ஓடிக்கொண்டிருக்கிறது! ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு அணைந்து கிடந்தது. அதை இயக்கினேன். அடுத்தடுத்த ஸ்லாட்டில் இருந்த இரண்டு ரேம்களையும் மதர்போர்டு கையேட்டில் சொன்னபடி 2, 4-வது ஸ்லாட்டுகளுக்கு மாற்றினேன், இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்வதற்காக. திக்கல் பெரும்பாலும் போய்விட்டது. செலவே இல்லை.

அப்புறம் ஒரு வருடம் அதே கார்டுதான். பிறகு வந்த கேம்களில் பயன்பாடு 99-லேயே நின்றது, டெக்ஸ்சரைக் குறைத்தும் கார்டின் சொந்த நினைவகமான 4 ஜிபி விரேம் நிரம்பி வழிந்தது, ரெசல்யூஷனைக் குறைத்தால் ஃபிரேம் ஏறியது. அப்போதுதான் வாங்கினேன். அதற்கும் முன்பு பவர் சப்ளையின் வாட்டைப் பார்த்து, கேபினெட்டில் கார்டுக்கு இருக்கும் இடத்தின் நீளத்தையும் அளந்து வைத்துக்கொண்டேன்.